மாநில, நகர அரசுகளுக்கு அதிகாரம் பரவினால் சமகாலக் கலைஞர்களுக்குச் சுதந்திரமும் நிதியும் கூடுமா?

கூடும் என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தின் கதையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

தென்கொரியாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1995 ஜூனில். அதே ஆண்டு செப்டம்பரில் குவாங்ஜு பியனாலே என்ற, ஈராண்டுக்கொருமுறை நடக்கும் சமகாலக் கலைக் கண்காட்சி தொடங்கியது. 1980இல் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்ற ஊர் அது. தலைநகரைக் கேட்காமல் தன் நினைவைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு மேடை கிடைத்தது.

2014இல் பியனாலேயின் இருபதாம் ஆண்டுச் சிறப்புக் கண்காட்சிக்காக ஓவியர் ஹாங் சங்-டாம் 10 மீட்டருக்கும் நீளமான தொங்குதிரை ஓவியம் ஒன்றை வரைந்தார். அந்த ஏப்ரலில் மூழ்கிய சேவோல் கப்பலை, 1980 போராட்டக்காரர் ஒருவரும் அன்று போராடியவர்களுக்குச் சோற்றுருண்டை கொடுத்த பெண்ணும் கையால் தூக்குகிறார்கள். இன்னொரு பக்கம் அதிபர் பார்க் குன்-ஹே சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்க, பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறார் அவருடைய அப்பா, பழைய சர்வாதிகாரி. நகர நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓவியர் அதிபரை மறைத்துக் கோழியாக்கினார் (எனக்கென்னவோ அதுதான் இன்னும் குத்தல்!). அப்படியும் ஓவியத்தைக் கண்காட்சியில் தொங்கவிடவில்லை. பியனாலே தலைவர் பதவி விலகினார்.

2016இல் குவாங்ஜு மேயரே வாயைத் திறந்தார்: அந்த ஓவியம் பற்றி 2014இல் தேசியக் கலாசார அமைச்சகத்தின் துணை அமைச்சரிடமிருந்து போன் வந்ததாம். அப்போது அது, 2015இல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியை நடத்த வேண்டிய நகரம். அதற்குத் தேசிய அரசின் பணம் வேண்டும். ஓட்டுப் போட்டது ஊர், படியளப்பது சியோல்.

அப்படியானால் ஊரே வரி வசூலித்துக்கொண்டால்? ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் அப்படித்தான். மாகாணங்களே வரி வசூலித்து, மாட்ரிட்டுக்கு ஒரு பங்கு கொடுக்கின்றன. 1997இல் திறந்த பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கட்ட ஆன ஏறத்தாழ 10 கோடி டாலரை ஏற்றது பாஸ்க் நிர்வாகம்தான். ஆனால் பெயர் அமெரிக்க அறக்கட்டளையுடையது. பாஸ்க் மண்ணின் பெரும் சிற்பி ஹோர்ஹே ஒதெய்சா அதைத் திட்டித் தீர்த்தார். உள்ளூர்ப் பணம் உள்ளூர்க் கலைஞருக்கே போகும் என்று யார் சொன்னது?

எனக்குப் பிடித்தது பிரான்சின் ஏற்பாடு. 1982 அதிகாரப் பரவல் சட்டத்தோடு வந்த பிராந்தியக் கலை நிதியங்களில் பாரிஸும் பணம் போடும், பிராந்தியமும் போடும். எதை வாங்குவது என்பதை நிபுணர் குழு பார்க்கும். வாங்கிய படைப்புகள் கிடங்கில் தூங்காமல் பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இரவலாகப் போய்வருகின்றன.