கயிறு விடுபடும் கணம்

அன்புள்ள ஐயா,

வயல் காவலில் கவண் சுற்றிக் கிளி கலைத்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். அமெரிக்கப் பாலைவனத்தில் பெரிய இரும்பு வட்டம் ஒன்றைக் கட்டி, அதற்குள் சுழற்றிச் செய்மதியை வானத்துக்கு எறியப் போகிறார்களாம். போனில் காட்டி, "எங்கட கவண்தான் அம்மா" என்றான். அப்பா அதைச் சுத்தப் பொய் என்கிறார். பொடியன் சைக்கிள் சில்லில் எதையோ கட்டிச் சுற்றிப் பக்கத்து வீட்டு ஓடு இரண்டை உடைத்தும் விட்டான்.

2009 இல் அவனுக்கு ஒன்றரை வயது. பங்கருக்குள் மடியில் வைத்துக்கொண்டு, செல் கூவுவது கேட்காமல் அவன் காதைப் பொத்தியபடி இருந்தேன். இப்போது அவன் "எறியம், எறியம்" என்று சத்தமாகப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இது உண்மையா ஐயா? அவனை விடவா, மறிக்கவா?

ஒரு தாய், முழங்காவில்

*

அன்புள்ள தங்கைக்கு,

உண்மைதான். ஆனால் உங்கள் அப்பா சந்தேகப்பட்டதும் நல்லது. வீடியோவையும் நம்பவேண்டாம், என்னையும் நம்பவேண்டாம். தம்பியின் பௌதிகவியல் கொப்பியில் இருக்கும் ஒரேயொரு சமன்பாடு போதும்: வட்டத்தில் சுற்றும் பொருளின் வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பிரித்தால் ஆர்முடுகல், அதாவது அதன் வேகம் திசை மாறும் வீதம்.

முதலில் கவண். பனைநாரில் பின்னியது. ஒரு நுனியில் உள்ள வளையத்தை விரலில் மாட்டி, மறு நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்போம். கயிறு ஒரு மீற்றர், செக்கனுக்கு இரண்டு சுற்று என்று வைத்தால் கல்லின் வேகம் செக்கனுக்கு 12.6 மீற்றர். 100 கிராம் கல் அப்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனத்துக் கையை இழுக்கும். பெருவிரலை எடுத்ததும் கல் வெளிப்பக்கமாகப் பாய்வதில்லை. அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில், தொடலி வழியே, நேரே போகும். விரல் செக்கனில் இருபதில் ஒரு பங்கு பிந்தினால் திசை 36 பாகை பிசகிவிடும். நான் பழகிய காலத்தில் கல் முன்னால் இருந்த கிளிக்குப் போகாமல் பின்னால் நின்ற மாட்டுக்குப் போனது இதனால்தான். அப்பு அடிக்கவில்லை. "சுத்துறது ஆரும் சுத்துவான், விடத் தெரியவேணும்" என்றார்.

இனி அந்த இரும்பு வட்டம். ஸ்பின்லோஞ்ச் என்ற நிறுவனத்துடையது. நியூ மெக்சிக்கோவில் 33 மீற்றர் விட்டத்தில் பரிசோதனை இயந்திரம் கட்டி, 2021 ஒக்ரோபரில் முதல் தடவை எறிந்தார்கள். 2022 செப்ரெம்பரில் நடந்த பத்தாவது எறிதலில் நாசாவின் கருவியும் எயார்பஸின் கருவியும் போய், பழுதில்லாமல் மீண்டன. இவை விண்ணுக்குப் போனவை அல்ல, உயரப் போய் விழுந்தவை. செய்மதி அனுப்புவதற்கென்று திட்டமிட்ட இயந்திரம் 100 மீற்றர் விட்டம். அது இன்னும் கட்டப்படவில்லை.

அதன் கணக்கைத் தம்பியே போடட்டும். கையின் நீளம் 45 மீற்றர், நிமிடத்துக்கு 450 சுற்று. கூரை ஃபேனைவிடச் சற்றுக் கூடுதலான சுற்றுத்தான், ஆனால் கையின் நுனி செக்கனுக்கு 2.1 கிலோமீற்றர் ஓடும். ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போலப் பத்தாயிரம் மடங்கு. வயலில் ஒரு நெல்மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், 25 மில்லிகிராம் அளவில் இருக்கும். அந்தக் கையின் நுனியில் அதே நெல்மணி கால் கிலோ கனக்கும். ஒரு கிலோ தேங்காய் பத்துத் தொன்! மனிதரை இதில் அனுப்புவது என்ற பேச்சே இல்லை. சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகள் தாங்கும், ஏனென்றால் அவற்றின் திணிவு மிகச் சிறியது. நீண்டு தொங்கும் பாகங்கள்தான் முறியும். அவற்றை அசையாதபடி பிசினால் நிரப்பி இறுக்குவார்கள்.

விடும் கணம் இங்கே இன்னும் பொல்லாதது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்தினால் நுனி இரண்டு மீற்றருக்கு மேல் ஓடிவிடும், திசை 2.7 பாகை பிசகும். அதோடு, சுமை போன மறுகணமே சுழலும் கை ஒருபக்கம் பாரமாகி நடுங்கும். எதிர்ப்பக்கப் பாரத்தையும் என்ன செய்வது என்று யோசித்துத்தான் அதைக் கட்டவேண்டும்.

சுழலும் அறைக்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிறார்கள், இல்லாவிட்டால் அந்த வேகத்தில் கையே சூடேறிப் போகும். மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் நிலமட்டத்துக் காற்று முகத்தில் அறையும். ஒலியைப் போல ஆறு மடங்கு வேகம், மூக்கில் இரும்பு உருகும் வெப்பம். ரொக்கெட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது அடர்ந்த காற்றில் மெதுவாக ஏறி, காற்று ஐதான பிறகே வேகம் பிடிக்கும்.

இத்தனை பாடுபட்டும் எறிதல் மட்டும் போதாது. தாழ்ந்த பாதையில் சுற்றுவதற்குச் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேண்டும். 2.1 இல் கிடைப்பது தேவையான இயக்கச் சக்தியில் ஏழு வீதம். இன்னும் வேகமாக எறிந்தாலும், பூமியை விட்டே தப்பி ஓடும் வேகம் இல்லாவிட்டால், நிலத்தில் இருந்து எறிந்த பொருளின் பாதை திரும்பவும் நிலத்தைத் தொட்டே தீரும். மேலே போய் இன்னொரு தள்ளு கொடுக்கவேண்டும். ஆகவே அவர்கள் எறிவதும் ஒரு சின்ன ரொக்கெட்டைத்தான். மிச்சப்படுவது கீழ்க்கட்டத்துப் பெரிய எரிபொருள் தாங்கி. அது சின்ன மிச்சமல்ல.

எறிந்த கல் நடுவழியில் தானாகத் திரும்பாது, ரொக்கெட் திரும்பும். அந்த வசதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாங்களே சாட்சி. சிறீஹரிக்கோட்டாவில் இருந்து துருவப் பாதைக்குப் போகும் இந்திய ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலால் போகவேண்டும். கழன்று விழும் பாகங்கள் எங்கள் தலையில் விழக்கூடாது என்று முதலில் கடல்பக்கம் விலகிப் போய்ப் பிறகு வளையும். அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் 2024 பெப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மன்னாரில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் தலைக்கு மேலால் போகாதபடி ஒருவர் இருந்து கணக்குப் போடுகிறார் என்று முதலில் வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். உங்களுக்கு அது விளங்கும்.

உங்கள் வயிற்றைப் பிசைவதற்கு நான் மருந்து சொல்லமாட்டேன். எறிகணையின் பாதைக்கும் செய்மதி ஏறும் பாதைக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். இந்த அடியைத் தாங்கும் மின்னணுக் கருவியை முதலில் செய்து பார்த்ததும் இரண்டாம் உலகப்போரில், எறிகணையின் மூக்குக்குள் வைப்பதற்காக. இதை மறைத்து உங்களைத் தேற்றினால் அது பொய்யாகிவிடும். ஆனால் செல் வந்து விழும் பக்கத்தில் இருந்து மட்டுமே அந்தக் கணக்கை அறிந்தவர்கள் நாங்கள். உங்கள் பிள்ளை அதைத் தாளில், பேனையோடு, தன் கையால் போடுகிறான். மறிக்காதீர்கள் தங்கச்சி.

ஓட்டுக் காசை அவன் கூலிக்குப் போயாவது கட்டட்டும். இனிமேல் கல் வேண்டாம், ஈரக் களிமண் உருண்டை போதும். வீட்டடியில் வேண்டாம், குளம் வற்றிய பிறகு, மாடுகள் வழக்கமாக மேயும் இடத்துக்குப் போகட்டும். மிதிவெடி அகற்றாத பற்றைக்குள் உருண்டை போனால் எடுக்கப் போகவே கூடாது. சில்லு சுற்றும் தளத்துக்கு நேரே ஒருவரும் நிற்கக்கூடாது, அச்சின் பக்கம்தான் நிற்கவேண்டும். உருண்டை விழுந்த தூரத்தை அளந்து, கணக்கில் வந்த தூரத்தையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராது. ஏன் என்று அடுத்த கடிதத்தில் பேசுவோம்.