எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் எட்டு சிலிண்டர் கொண்ட ரோவர் வி8 எஞ்சினைப் பொருத்தினால், அதிலுள்ள பழைய எஸ்யூ (SU) நிறுவனப் பெட்ரோல் பம்ப் போதுமா?

பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு மாறாமல், கார்புரேட்டரோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால், நல்ல நிலையில் உள்ள எஸ்யூ மின்பம்ப்பே போதும். 1973 முதல் 1976 வரை எம்ஜி நிறுவனமே 3528 சிசி ரோவர் வி8 எஞ்சினை எம்ஜிபியின் மூடிய கூரை வடிவமான ஜிடியில் பொருத்தி விற்றது. அதற்கும் எஸ்யூ கார்புரேட்டர்கள்தான்.

அவற்றுக்கு வேண்டியது சுமார் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தம் மட்டுமே. பெரிய எஞ்சினுக்குப் பெரிய பம்ப் என்று எண்ணி, 6 அல்லது 7 பிஎஸ்ஐ தருவதை அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் ஊசி வால்வு தாங்காமல் திறந்து, பெட்ரோல் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட் அருகே சொட்டும். இது உயிருக்கே ஆபத்தானது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பழைய பம்ப்பில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் காண்டாக்ட் பாயிண்டுகள் கருகுவதே வழக்கமான கோளாறு: சாவியைத் திருப்பியும் டிக் டிக் ஓசை எழாமல், லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் பாயிண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாயிண்ட் இல்லாத மின்னணு வகைக்கு மாறுவது நல்லதே. ஆனால் 1967-க்கு முந்தைய எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் கார் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது) என்பதால், அதற்குரிய பம்ப்பையே வாங்குங்கள்.

இன்ஜெக்ஷனுக்குச் சுமார் 2.5 பார் (ஏறத்தாழ 36 பிஎஸ்ஐ) அழுத்தம் தேவை. அப்போது உயர் அழுத்தப் பம்ப், அதற்கேற்ற ஹோஸ், டேங்க்குக்குத் திரும்பும் குழாய், மோதலில் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் எல்லாமே சேர்த்துப் பொருத்தப்பட வேண்டும்.