ரீட்ரெட் டயர்: பட்டனைவிடக் கேசிங்கைப் பாருங்கள்

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பைப் பெரும்பாலும் மண்பாதையிலும் சேற்றிலும்தான் ஓட்டுகிறேன். புதிய மட் டெரெய்ன் டயர்கள் கட்டுப்படியாகவில்லை. ரீட்ரெட் செய்த (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றிய) மலிவு டயர்களை நம்பி வாங்கலாமா? வாங்கினால் எப்படிச் சோதிப்பது?

பதில்: கேசிங், அதாவது புது ரப்பருக்கு அடியில் இருக்கும் பழைய டயரின் உடல், நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். விமான டயர்களே பலமுறை ரீட்ரெட் செய்யப்பட்டு ஓடுகின்றன என்பதால், அந்த முறையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு கேசிங்கின் வரலாறும் பதிவில் இருக்கும். மலிவு டயரை வாங்கும் நமக்கோ அந்த வரலாறு பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், டயரைப் பார்த்தே அதைப் படித்தறிய வேண்டியிருக்கிறது.

பக்கச்சுவர் வரை புது ரப்பர் போர்த்தி, மோல்டில் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்த டயர் வெளியே பளபளவென்று இருக்கும். பழைய வெடிப்புகளும் எழுத்துகளும் அதில் மறைந்துபோயிருக்கும். வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் இருந்தாலும், அது கேசிங் பிறந்த தேதியா, ரீட்ரெட் செய்த தேதியா என்று விற்பவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உட்புறம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே உள்ளே முழுச் சுற்றுக்கும் கையால் தடவுங்கள். பக்கச்சுவரின் உள்பக்கத்தில் வளையமாகச் சுருக்கமோ கருமையோ தென்பட்டாலும், கையில் ரப்பர்த் தூள் ஒட்டினாலும், அந்த டயர் எப்போதோ காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. அதை வாங்கவே வேண்டாம். தரையைத் தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ பஞ்சர் ஒட்டியிருந்தாலும் அப்படியே. ஆணி குத்திய துளை வழியாக ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் எஃகு இழைகள் துருப்பிடிக்கும். பிறகு மேலே எவ்வளவு நல்ல ரப்பர் இருந்தாலும் அது பிடித்து நிற்காது.

மாட்டும்போது பேலன்சிங்கைக் கூடவே இருந்து கவனியுங்கள். ஈயக்கட்டிகளை அளவுக்கு மீறி ஒட்ட வேண்டியிருந்தால், டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காத டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

முதல் ஓட்டம் சேற்றில் வேண்டாம். சுமையில்லாமல், நல்ல சாலையில், மிதமான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, நான்கு டயர்களையும் தொட்டுப் பாருங்கள். காற்றழுத்தம் ஒன்றாக இருந்தும் ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடேறியிருந்தால், அதனுள் ஏதோ உரசிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பட்டனின் (தரையைத் தொடும் புது ரப்பரின்) ஓரம் எங்காவது நகத்துக்கு இடம் கொடுக்கிறதா, எங்காவது உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். மட் டெரெய்ன் டயரில் இரைச்சல் சகஜம். நாளுக்கு நாள் கூடிவரும் அதிர்வு சகஜமல்ல. 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி முடுக்கிவிடுங்கள்.

மணலுக்காகக் காற்றைக் குறைத்தால், தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. ரீட்ரெட் டயரில் புது ரப்பரை உரித்தெடுப்பது பெரும்பாலும் இந்தச் சூடுதான். அதனால்தான் முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டுபவர்களுக்கு மலிவு ரீட்ரெட் டயரை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: செலவைக் குறைக்க இரண்டு மட்டும் வாங்கிப் பின்சக்கரங்களில் போடலாமா?

பதில்: முன்சக்கரங்களுக்கு நல்ல டயரை வைத்துக்கொள்ளும் எண்ணம் சரியானதே, அமெரிக்காவில் பேருந்தின் முன்சக்கரங்களில் ரீட்ரெட் டயர் போடுவதைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே அளவு என்று பொறித்த டயர்களும், கேசிங் வேறு கம்பெனியுடையதாக இருந்தால், சற்றே வேறுபடலாம். ஃபோர் வீலில் போட்டு ஓட்டும்போது அந்த வேறுபாட்டின் பாரம் முழுவதும் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். சம காற்று நிரப்பி, அளவு நாடாவால் சுற்றளவை அளந்து, முன்னும் பின்னும் பொருந்தினால் மட்டும் இரண்டாக வாங்குங்கள். பொருந்தாவிட்டால், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே கம்பெனியின் கேசிங்கில் வாங்கும்வரை காத்திருங்கள்.