பேரூராட்சியில் கிராம சபை ஏன் கூடுவதில்லை?

கேள்வி: எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் விளையும் ஒரு சிறிய பேரூராட்சி. பக்கத்து ஊராட்சியில் கிராம சபை கூடி, சாக்கடை முதல் தெருவிளக்கு வரை மக்கள் நேரில் கேட்கிறார்கள். எங்கள் வீதியில் நல்ல தண்ணீர் சீராக வருவதில்லை. கேட்பதற்குச் சபையும் இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: இரண்டு ஊர்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சட்டப்படி அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையை ஊராட்சிக்கு உரியதாக வைத்தன. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சியாகக் கருதப்படுவதால் 74-ஆவது திருத்தத்தின் கீழ் வருகிறது. அத்திருத்தமோ 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட இடங்களில் மட்டுமே வார்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆகவே, வயலையும் வாய்க்காலையும் நம்பி வாழும் ஓர் ஊர், நகரம் என்று வகைப்படுத்தப்பட்ட ஒரே காரணத்தால், தன் வரவு செலவை மக்கள் முன் வைத்துப் பேசும் சபையை இழந்து நிற்கிறது. இது நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. 2004-இல் 30,000-க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்தக் குறையை ஓரளவு போக்கவே தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022-இல் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதிக்கான கூட்டம் எப்போது என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்; கூட்டப்படவில்லையென்றால் கூட்டும்படி வீதி மக்கள் அனைவரும் கையெழுத்திட்டுச் செயல் அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.

தண்ணீர் பற்றிய மனுவில் 'சரியாக வருவதில்லை' என்று மட்டும் எழுதினால், 'ஆவன செய்யப்படும்' என்ற பதிலோடு அது முடிந்துவிடும். எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து உங்கள் வீதிக்குத் தண்ணீர் வருகிறது, எந்தெந்த நாளில் எவ்வளவு நேரம் வந்தது, குழாயின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு எட்டுகிறதா, இடையில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்பவற்றைச் சில வாரங்கள் குறித்து வைத்து, அந்தக் குறிப்பையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வர வேண்டாம். மன்றத்தில் இது குறித்துத் தீர்மானம் வந்ததா என்பதை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. விசாரித்துச் சொல்கிறோம் என்ற வாய்மொழியைவிட, தீர்மான நகல் ஒன்று கையில் இருப்பது அடுத்த மனுவுக்குப் பெரும் பலம்.

கேள்வி: என் தந்தையார் கோவை மருத்துவமனை ஒன்றில் காலமானார். இறப்புச் சான்றிதழை எங்கள் பேரூராட்சியில் வாங்க முடியுமா?

பதில்: முடியாது, அம்மா. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்தில்தான் பதிவாகும். குடியிருந்த ஊர் கணக்கில் வராது. மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்பதால், தந்தையார் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அங்கேயே சரிபாருங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. வாரிசுச் சான்றிதழ் பேரூராட்சியின் பணி அன்று. இறப்புச் சான்றிதழ் கிடைத்தபின் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள்.