கணினி கேள்வி பதில்: டேக்கிலேயே ஒரு நிரல்மொழி

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு, தகவலை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் இலக்கணத்திலேயே ஒரு புதிய நிரல்மொழி உருவாக்க ஆசை. டேக் எல்லாம் தமிழில் இருக்கும். பார்சர் (எழுதிய நிரலைப் படித்துப் பகுதிகளாகப் பிரிப்பது) எழுதுகிற வேலை மிச்சம் என்று நினைக்கிறேன். சரிப்படுமா சார்?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: சரிப்படும் தம்பி. ஆனால் பார்சர் மிச்சம் என்ற கணக்கு பாதிதான் சரி.

சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும் நிறுவனங்கள் நிறைய. அப்படி ஓர் இடத்தில், எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் எழுதிப் பிழைத்தவன் நான். நீங்கள் செய்ய நினைப்பதை 1999-லேயே செய்து பார்த்த மொழி அது. நிரல் முழுக்க டேக்தான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள்: கணக்கு, ஒப்பீடு, தேடல் எல்லாம் ஆட்ரிபியூட்டின் (டேக்குக்குள் ‘பெயர்=மதிப்பு’ என்று எழுதும் பகுதி) மேற்கோள் குறிகளுக்குள் எக்ஸ்பாத் என்ற வேறொரு மொழியில் இருக்கும். அதற்குத் தனிப் பார்சர் வேண்டும்.

ஏன் அப்படி ஆனது? இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். சுத்தமான எக்ஸ்எம்எல்லில்:

<கூட்டு><எண்>2</எண்><எண்>3</எண்></கூட்டு>

லிஸ்ப் மொழியில் இதே கணக்குக்கு அடைப்புக்குறிகளோடு (+ 2 3) போதும். அதுவும் 1958-ல் பிறந்த மொழி. எக்ஸ்எம்எல்லில் வட்டி கணக்கிட ஒரு வரி எழுதிப் பாருங்கள், விரல் வலிக்கும். வலித்ததும், ‘கணக்கை மட்டும் ஆட்ரிபியூட்டில் சாதாரணமாக எழுதிக்கொள்ளட்டும்’ என்று விட்டுக்கொடுப்பீர்கள். அங்கேதான் மிச்சம் பிடித்த பார்சர் திரும்பி வருகிறது. கூடவே ஒரு தொல்லையும் வரும். ‘மதிப்பெண் 35-க்குக் குறைவு’ என்று நிபந்தனை வைக்க ‘<’ குறியை ஆட்ரிபியூட்டில் நேராகப் போட முடியாது. ‘&’ குறி, எல், டி, அரைப்புள்ளி என்று நான்கு எழுத்தில் சுற்றி எழுத வேண்டும். ‘>’ குறிக்கு இந்தத் தடை இல்லை. அதனால் எங்களில் பலர் ‘35 > மதிப்பெண்’ என்று திருப்பிப் போட்டு எழுதியே பழகிவிட்டோம். மொழி மனிதனை வளைக்கிறது என்றால் இதுதான்.

ஜாவாக்காரர்களுக்கு ஏன்ட் தெரிந்திருக்கும். ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கி, 2000-ல் வெளிவந்த பில்டு கருவி. இந்தக் கோப்பைத் தொகு, அந்த ஃபோல்டரை நகலெடு என்று வேலைகளைப் பட்டியலிடும் வரை எக்ஸ்எம்எல் அதற்கு அழகாகப் பொருந்தியது. பிறகு ஆட்கள் அதில் நிபந்தனையும் லூப்பும் கேட்டார்கள். அதற்கென்று தனியாகத் துணைத் தொகுப்புகள் முளைத்தன. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் ஒரு நிஜமான ஸ்கிரிப்ட் மொழியை எடுத்திருப்பேன் என்று டேவிட்சனே பின்னாளில் எழுதினார்.

ஆகவே என் யோசனை: எக்ஸ்எம்எல்லைச் சேமிப்பு வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள், கையால் எழுதும் வடிவமாக வேண்டாம். குழந்தைகள் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் பிளாக்லி, தன் நிரல்களை வெகுகாலம் எக்ஸ்எம்எல்லாகத்தான் சேமித்தது. எந்தக் குழந்தையும் அந்த டேக்கைப் பார்த்ததில்லை. நீங்களும் மேலே ஒரு எளிய தமிழ்த் திரை வைத்தால் ப்ராஜெக்ட் தேறிவிடும்.

பைத்தானில் எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எலிமென்ட்ட்ரீ தொகுப்பை வைத்து ஆரம்பிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தன்னையே அழைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன் போதும், இன்டர்பிரட்டர் (நிரலைப் படித்து இயக்குவது) ஓடத் தொடங்கிவிடும். ஆனால் எலிமென்ட்ட்ரீ டேக்குகளின் வரி எண்ணை வைத்துக்கொள்ளாது. நிரல் ஓடும்போது தப்பு வந்தால் ‘எந்த வரியில்’ என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. எல்எக்ஸ்எம்எல் தொகுப்பில் அந்த வசதி உண்டு, அதையே எடுங்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

கேள்வி: எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழில் வைக்க உண்மையிலேயே அனுமதி உண்டா? என் கோப்பில் தொடக்க டேக்கும் முடிவு டேக்கும் பொருந்தவில்லை என்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.
– வாசகி, கோவை

பதில்: தாராளமாக உண்டு. 1998-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பெயருக்கு நடுவே இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது என்பவை முக்கியமான விதிகள்.

உங்கள் சிக்கல் அநேகமாக ஒகர உயிர்மெய்யில் இருக்கும். அந்த டேக்கில் ‘கொ’ மாதிரி ஏதாவது வருகிறதா பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் குறியீடுகளாக வைக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எம்எல் பார்சரோ குறியீட்டைக் குறியீடாக ஒப்பிடும். தொடக்க டேக்கை ஒரு விசைப்பலகையில் தட்டி, முடிவு டேக்கை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கோப்பை, இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பார்சரிடம் கொடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பை வைத்து ஒரே வரியில் முடியும்.

திருநெல்வேலித் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். டேக் மட்டுமல்ல, மாறிகளின் பெயரையும் என்எஃப்சிக்கு மாற்றாவிட்டால், ‘கோணம்’ என்ற பெயரில் இரண்டு மாறிகள் இருந்து மதிப்பு மட்டும் காணாமல் போகும்.