யோகோஹாமாவில் ஸ்டார்டம் ஷோ: மொழி தெரியாமல் போய் ரசிக்க முடியுமா?

வாசகர் கேள்வி: சின்ன வயதிலிருந்து டபிள்யூடபிள்யூஇ பார்ப்பவன் நான். ஏப்ரல் கடைசியில் வேலை விஷயமாக டோக்கியோ போகிறேன், மனைவியும் 12 வயது மகளும் கூட வருகிறார்கள். ஜப்பானின் மகளிர் மல்யுத்த நிறுவனமான ஸ்டார்டம் யோகோஹாமாவில் நடத்தும் ஆல் ஸ்டார் கிராண்ட் குயீன்டம் ஷோவைப் பார்க்க ஆசை. ஆனால் ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. புரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போமா? மகளைக் கூட்டிப் போகலாமா? டிக்கெட் எப்படி வாங்குவது?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அன்றைக்கு நடக்கப்போகும் எல்லா மேட்ச்சையும் தெரிந்துகொள்ளப் பார்க்காமல், கடைசியாக நடக்கும் இரண்டு மேட்ச்களின் பின்கதையை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். பெரிய பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் பாதியில் களைத்துவிடுகிறார்கள், ஒரே ஒரு பகையை முழுதாகத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் அழுதுகொண்டு வெளியே வருகிறார்கள்.

ஏன் அழுகிறார்கள் என்பதற்கு 2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா அரீனாவில் நடந்த ஷோவையே சொல்கிறேன். கடைசி மேட்ச் சாயா கமிதானிக்கும் தாம் நாகானோவுக்கும். இருவருக்கும் நடுவில் பழைய கணக்கு நிறைய இருந்தது. 2024 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் நாகானோவிடமிருந்து சிவப்பு பெல்ட்டை, அதாவது ஸ்டார்டமின் உச்சப் பட்டத்தை, கமிதானி பறித்தார். 2025 மார்ச்சில், தோற்றவர் ஸ்டார்டமை விட்டே போக வேண்டும் என்று ஒரு மேட்ச் வைத்து, அதிலும் நாகானோவைத் தோற்கடித்தார். வெளியே போன நாகானோ விடவில்லை, தோற்பவர் மல்யுத்தத்தையே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப வந்து யோகோஹாமாவில் நின்றார். அங்கேயும் தோற்றார், சொன்னபடியே ஓய்வு பெற்றார். இவ்வளவு தெரிந்தால் போதும், அந்த மேட்ச்சில் கமெண்டரியே தேவைப்படாது, முகத்தைப் பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும். அதே இரவில் மாயூ இவாதானியும் ஷூரியிடம் ஐடபிள்யூஜிபி மகளிர் பெல்ட் என்ற இன்னொரு பட்டத்தை இழந்தார். 2011 ஜனவரி 23 அன்று நடந்த ஸ்டார்டமின் முதல் ஷோவிலிருந்தே இருந்தவர் இவாதானி. அவர் ஸ்டார்டமை விட்டு விலகுகிறார் என்று மறுநாளே அறிவிப்பு வந்தது. ஒரே ராத்திரியில் ஒரு தலைமுறை கைமாறியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் அன்றைக்கு வந்தவர்கள்.

நீங்கள் டபிள்யூடபிள்யூஇ ஆள் என்பதால் உங்களுக்கு ஒரு சுலபமான வாசல் இருக்கிறது. இயோ ஸ்கை, கைரி சேன் இருவரும் ஸ்டார்டமில் வளர்ந்தவர்கள். சாஷா பேங்க்ஸாக நீங்கள் பார்த்தவர்தான், மெர்சிடிஸ் மோனே என்ற பெயரில் 2023 ஏப்ரல் 23 அன்று இதே ஷோவில் இவாதானியோடு மோதித் தோற்றார். அந்த ஒரு மேட்ச்சை இப்போதே தேடிப் பாருங்கள், தெரிந்த முகம் ஒன்று எதிரில் இருக்கும்போது ஜப்பானிய பாணி எவ்வளவு வேறு என்பது சட்டென்று பிடிபடும்.

அந்த வேறுபாட்டில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ரிங்குக்கு வெளியே நடக்கும் அடிதடி நீளமாகப் போகும். மேட்ச்சுக்கு நேர வரம்பு இருக்கிறது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று இடையிடையே மைக்கில் அறிவிப்பார்கள், பெல்ட் மேட்ச் என்றால் பெரும்பாலும் 30 நிமிடம், அதற்குள் முடியாவிட்டால் டிரா. பெல்ட்களின் முழுப்பெயர் யாரும் சொல்வதில்லை, சிவப்பு பெல்ட், வெள்ளை பெல்ட் என்றுதான் பேச்சு, சிவப்புதான் உச்சம். அப்புறம், மேட்ச்சுக்கு முன் வீராங்கனைகளைப் பெயர் சொல்லி அழைக்கும்போது ரிங்குக்குள் கலர் காகித நாடாக்கள் பறந்து வந்து விழும். அது ரசிகர்கள் எறிவது, பிடித்தவருக்கான மரியாதை. உங்கள் மகளுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டிப் போகலாம். ரத்தக்களரி ஸ்டார்டமில் வழக்கம் இல்லை, ஆனால் வில்லி அணி நாற்காலியைத் தூக்கி அடிப்பதெல்லாம் நடக்கும். முன்கூட்டியே அவளிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். யார் ஜெயிப்பார் என்பது முன்பே பேசி வைத்தது, ஆனால் நெஞ்சில் விழும் அறையும் முதுகு தரையில் மோதும் வலியும் நிஜம். இன்னொன்று, வில்லியை அரங்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தித் திட்டலாம், வீட்டுக்கு வந்து அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய் ஒரு வரிகூட எழுதக்கூடாது. ஸ்டார்டம் வீராங்கனை ஹானா கிமுரா ஒரு ரியாலிட்டி ஷோவில் தோன்றியதற்காக இணையத்தில் வந்து குவிந்த வசைகளுக்குப் பிறகு 2020 மே மாதம் 22 வயதில் இறந்தார். 2022இல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டியதற்கு அந்த மரணம் ஒரு முக்கியக் காரணம். கையில் போன் வைத்திருக்கும் 12 வயதுப் பெண்ணுக்கு இதை அளவோடு, பக்குவமாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, டிக்கெட். இதில்தான் வெளிநாட்டவர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்குள்ள பெரிய டிக்கெட் தளங்கள் பல உள்ளூர் கைபேசி எண் கேட்கும், பணம் கட்டிய பிறகு 24 மணி நேரக் கடைக்குப் போய்ச் சீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லும். முதலில் ஸ்டார்டமின் ஆங்கில அறிவிப்புகளில் வெளிநாட்டவருக்கான விற்பனை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போகும் அலுவலகத்தில் அங்கேயே இருக்கும் ஒருவரிடம் வாங்கித் தரச் சொல்வதுதான் நல்லது. எப்படியும் கிடைக்கும் என்று மறுவிற்பனை ஆட்களிடம் போகாதீர்கள்.

அரங்கத்தின் பெயரையும் நன்றாகப் பாருங்கள். 2023, 2025 ஷோக்கள் ஷின்-யோகோஹாமா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள யோகோஹாமா அரீனாவில் நடந்தன, 2024 ஷோ யோகோஹாமா புன்தாயில் நடந்தது, அது கன்னாய் ஸ்டேஷன் பக்கம், வேறு திசை. அரீனாவில் இன்னொரு குழப்பம் உண்டு: ரிங்கைச் சுற்றித் தரையில் போடும் நாற்காலிகளை அந்த அரங்கத்தில் வழக்கமாக 'சென்டர்' என்பார்கள், 'அரீனா' என்றால் அதற்கு மேலே உள்ள சரிவு வரிசை, அதற்கும் மேலே 'ஸ்டாண்ட்'. ஷோவுக்கு ஷோ பெயரை மாற்றியும் வைக்கலாம், படத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மூன்று பேராக, அதுவும் முதல் தடவை போகிறீர்கள் என்றால் சரிவு வரிசையே என் தேர்வு. ரிங் பக்கத்து முன்வரிசையில் உட்கார்ந்தால் சண்டை வெளியே வரும்போது எழுந்து ஓட வேண்டியிருக்கும், கயிற்றின் மேலிருந்து பாய்வதையும் கீழிருந்து சரியாகப் பார்க்க முடியாது.

ஏப்ரல் 29இல் ஜப்பானில் தொடர் விடுமுறை ஆரம்பிக்கும், அதை ஒட்டி ஓட்டல் வாடகை எகிறும், அறையை இப்போதே போட்டுவிடுங்கள். கையில் யென் ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும். வெளியே கடை போட்டு டீ-ஷர்ட், துண்டு, கையெழுத்துப் படங்கள் எல்லாம் விற்பார்கள், மகள் எந்த வீராங்கனையிடம் மனதைப் பறிகொடுத்தாள் என்பது அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.