கல்லாவில் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிக்கிறார்களே!

கேள்வி: வயது 25, பி.காம். முடித்திருக்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் கிராமம். வேலூரில் ஒரு பெரிய மளிகைக் கடையில் இரண்டு வருடமாகப் பில் போடுகிறேன். காலை 9 முதல் இரவு 9 வரை நின்றபடியே வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள்; போன மாதம் 1,150 ரூபாய் போனது. ஆனாலும் வேலை பிடிக்காமல் இல்லை. பழகினவர்கள் என் கவுன்ட்டருக்குத்தான் வந்து நிற்பார்கள். இந்த நேரம் பார்த்து, பெண் பார்க்க வந்தவர்கள் ‘மளிகைக் கடையில நிக்கிற பொண்ணா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தோழி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கூப்பிடுகிறாள். போய்விடட்டுமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பெண் பார்க்க வந்தவர்களை வழியனுப்பிவிடுவோம். அவர்கள் வீட்டு உளுத்தம்பருப்பையும் யாரோ ஒரு பெண்தான் எடை போட்டு, பில் போட்டுக் கொடுத்திருப்பாள். இந்தப் பேச்சுக்கு அஞ்சி ஆம்பூருக்குப் போனால், அடுத்து வருகிறவர்கள் ‘தோல் கம்பெனிக்குப் போறவளா?’ என்பார்கள். இதற்கெல்லாம் வேலை மாறினால் மாறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மற்றபடி, நீங்கள் எழுதியிருப்பதில் கொஞ்சம் மளிகை வேலைக்கே உள்ள கஷ்டம். அது எந்தக் கடைக்குப் போனாலும் கூடவே வரும். மாதம் பிறந்தால் பத்து நாள் தலை தூக்க முடியாது. ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு மாவு, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, ரம்ஜானுக்குச் சேமியா, பேரீச்சை. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உங்கள் வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது, லீவு கேட்கவே உங்களுக்குப் பயமாக இருக்கும். பத்து ரூபாய் பைக்குக் கால் மணி நேரம் சண்டை போடுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. இதைச் சகித்துக்கொள்ள முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடிகிறது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

மீதி எல்லாம் உங்கள் கடை செய்கிற தப்பு. அந்த 1,150 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். கல்லாவில் குறைந்தது உங்கள் கவனக்குறைவால்தான் என்று காட்ட வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் சம்பளத்தில் கை வைக்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘குறையுது, உன் கணக்குல எழுதிக்கிறேன்’ என்று சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

அதே நேரம், பணம் எங்கே போகிறது என்று நீங்களும் பிடிக்க வேண்டும். நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் உங்கள் கல்லாவில் யார் நிற்கிறார்கள்? அவர் பில் போடுவதும் உங்கள் பெயரில்தானே ஏறுகிறது? பெரும்பாலான குறைச்சல் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும். அடுத்தது ஜிபே. கூட்டத்தில் போனை நீட்டி ‘போட்டாச்சும்மா’ என்பார்கள். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி பேசவே பேசாது. அது சொல்கிற வரைக்கும் பையைக் கையில் கொடுக்காதீர்கள், பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தாலும் சரி. அப்புறம் நோட்டு. 500 ரூபாயை வாங்கினால் உடனே கல்லாவுக்குள் தள்ளிவிடாமல், மீதி கொடுத்து முடிக்கும் வரை மேலேயே வைத்திருங்கள். ‘நான் 500 கொடுத்தேன்’, ‘இல்லை 200தான்’ என்ற தகராறு பாதி அங்கேயே தீரும். காலையில் கல்லாவில் இருக்கும் சில்லறையை இன்னொருவர் முன்னால் எண்ணி, ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாப்பிடப் போகும்போதும் அதேபோல. பி.காம். படித்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்தில் பிடிக்கிற இடத்தில் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்காதீர்கள்.

உட்காருவது உங்கள் உரிமை. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-ல் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிவிட்டார்கள். நம் ஊரில் சட்டம் வந்தும் ஸ்டூல் வரவில்லை. அதே 1947 சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரட்டைச் சம்பளம். வாரம் ஒரு நாள் விடுமுறை. உங்கள் 9-லிருந்து 9-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நானே கேட்கிறேன். கடையில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? இல்லாத கடைகளில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். சிறுநீர்த் தொற்று வந்து நிற்பது இப்படித்தான். ஸ்டூலைக் கேட்கும்போது இதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இரண்டு வருடத்தில் எந்தச் சரக்கு எந்த வாரம் போகும், எது ரேக்கிலேயே தூங்கி எக்ஸ்பைரி ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் லாட்ஜில் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள்; கடுகெண்ணெயும் மசூர் பருப்பும் தேடி வருவார்கள். ‘முரி’ என்று ஒருவர் கேட்டால் பொரியை எடுத்து நீட்டுகிற பெண்ணைத் தேடித்தான் மறுநாளும் வருவார். ஊர் தெரியாமல், ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வந்து நிற்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! இந்தத் திறமைக்குச் சந்தையில் விலை உண்டு. பில்லிங்கிலேயே முடிந்துபோகாமல், ஸ்டாக் எடுப்பது, கொள்முதல் பக்கம் போக முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். அங்கே கல்லாத் தகராறு இல்லை, சம்பளமும் பேச முடியும். பிற்காலத்தில் சொந்தக் கடை வைக்கும் எண்ணம் இருந்தால் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கொள்முதல்தான்.

ஷூ கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. வேன் வீட்டுப் பக்கம் வரும், நேரத்துக்கு வீடு திரும்பலாம். ஆனால் டார்கெட் என்று ஒன்று உண்டு. அங்கேயும் எல்லோருக்கும் நாற்காலி கிடைக்காது. போவதற்கு முன் தோழியிடம் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, ஆர்டர் இல்லாத நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கடையிலும் இதைப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடை என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான். கால் வலிக்கு வைத்தியம் பார்க்கவாவது அது உதவும்.

என் யோசனை, இப்போதைக்கு விடாதீர்கள்; கேட்டுப் பாருங்கள். தனியாகப் போகாமல் கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு போங்கள். சூப்பர்வைசரை விட்டுவிட்டு நேரே முதலாளியிடம் பேசுங்கள். முதல் பத்து நாளில் வேண்டாம். 20-ம் தேதிக்கு மேல், மத்தியானம் மூன்று மணிவாக்கில் கடை காற்றாடும்போது போங்கள். ஸ்டூல், கழிப்பறை, கல்லாக் கணக்கு, வேலை நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த நகலோடு வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். ஆம்பூருக்குப் போவதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.